பழைய வல்லத்து இன்ஜினில் கேம் ஷாஃப்ட் மாற்றுவதும் டைமிங் வைப்பதும்

தொண்டிக் கரையில் வல்லத்தை (நாட்டுப்படகை) ஓட்டுவதும், தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் கிணற்று மேட்டில் தண்ணீர் இறைப்பதும் பல நேரம் ஒரே வகை இன்ஜின்தான். நிமிர்ந்து நிற்கும் ஒற்றைச் சிலிண்டர், 5 குதிரைச்சக்தி, நிமிடத்துக்கு 1500 சுற்று, 80 மி.மீ. போர் (சிலிண்டரின் குறுக்களவு), 110 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). கிராங்க் கேஸுக்குள்ளேயே கேம் (புடைத்த மூக்குகள் கொண்ட தண்டு), கியர் மூலம் சுழற்சி. மூக்கு டேப்பெட்டைத் தூக்க, அது புஷ் ராட் என்ற நீளக் கம்பி வழியாக வால்வைத் திறக்கும். பம்ப் செட் உதிரி விற்கும் கடைகளில் இதற்கான கேமும் டேப்பெட்டும் கிடைக்கும். அதனால் காரைக்குடியில் பிரித்து மாட்டிய இன்ஜின் கடலுக்குப் போவது சாதாரணம். கிணற்றில் இன்ஜின் நின்றால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை, அவ்வளவுதான். கடலில் நின்றால் ஆள் திரும்புவதே சிக்கல். ஆகவே இந்த வேலையை 'புள்ளிக்குப் புள்ளி சேர்த்தாச்சு' என்று முடிக்கக் கூடாது. கியரில் உள்ள புள்ளி எந்தப் பல் எந்தப் பல்லோடு சேர வேண்டும் என்பதை மட்டும்தான் சொல்லும். கேமின் மூக்கு எங்கே நிற்கிறது, அதாவது வால்வு எப்போது திறக்கிறது என்ற டைமிங்கை, டிகிரி வட்டு (கோணம் குறித்த தகடு) வைத்து அளந்தால்தான் தெரியும்.

கேம்தான் போயிருக்கிறதா?

கேம் தேய்ந்த இன்ஜின் திடீரென்று நிற்காது. டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கர் என்ற நெம்புக்கும் நடுவே விடுவது) வைத்த சில நாளிலேயே மறுபடி தட்டும். எக்ஸாஸ்ட் மூக்கு தேய்ந்தால் எரிந்த புகை முழுதாக வெளியேறாது, சிலிண்டர் சூடேறும், கரும்புகை வரும், ஏர் கிளீனர் பக்கம் புஸ் புஸ்ஸென்று எதிர்மூச்சு விடும். இன்லெட் மூக்கு தேய்ந்தால் காற்று போதாமல் சுமையில் திணறும்.

இதே அறிகுறிகளை வளைந்த புஷ் ராடும், தேய்ந்த ராக்கர் புஷ்ஷும் (புஷ் என்பது தண்டைத் தாங்கும் உலோக வளையம்), தளர்ந்த வால்வு ஸ்பிரிங்கும் காட்டும் என்பதால் பிரிப்பதற்கு முன்பே அளந்துவிடுங்கள். ராக்கர் கவரைக் கழற்றி, டயல் கேஜின் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) முள்ளைப் புஷ் ராட் முனைக்கு நேராக நிறுத்தி, பிளைவீலைக் கையால் சுற்றுங்கள். ராட் அடிமட்டத்தில் இருந்து உச்சி வரை எத்தனை மி.மீ. ஏறுகிறது என்று இன்லெட்டுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். புதுக் கேமில் மூக்கு நுனியிலிருந்து எதிர்ப்பக்கம் வரை உள்ள உயரத்தை மைக்ரோமீட்டரில் பிடித்து, அதற்குக் குறுக்கே உள்ள வட்ட அளவைக் கழித்தால் அதன் ஏற்றம் தெரிந்துவிடும். இரண்டுக்கும் கால் மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் கேமை மாற்றலாம். புஷ் ராடைக் கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பாருங்கள். வளைந்திருந்தால் தடதடவென்று தெரியும்.

இன்னொரு சோதனை அரம். கேம் மூக்கின் மேல்தோல் கெட்டிப்படுத்தப்பட்டது. மெல்லிய அரத்தை ஓரத்தில் லேசாக வைத்துத் தள்ளினால் கண்ணாடியில் ஓடுவதுபோல் வழுக்கிப் போக வேண்டும். அரம் கவ்வினால் தோல் போய்விட்டது, உள்ளே இருக்கும் மென்மையான இரும்பு வெளியே தெரிகிறது என்று பொருள். அந்தக் கேமை எந்தக் கிரைண்டிங்கும் காப்பாற்றாது. உதிரிக் கடையில் புதுக் கேம் வாங்கும்போதும் மூக்கின் பக்கவாட்டில் இதைச் செய்து பார்த்து வாங்குங்கள். விலை குறைந்த உருப்படிகளில் சரியாகக் கெட்டிப்படாதவை கலந்து வருகின்றன.

ஏன் தேய்ந்தது என்று பார்க்காமல் புதியதை மாட்டாதீர்கள்

ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. டீசல் வாடை அடித்து, தொட்டால் வழவழப்பே இல்லாமல் ஓடினால் டீசல் பம்ப் அல்லது டீசலைத் தெளிக்கும் நாசில் ஒழுகி ஆயிலை நீர்க்க வைத்திருக்கிறது. இரண்டில் எதுவானாலும் புதுக் கேமையும் அதே தின்றுவிடும்.

நிறுத்தி வைத்த இன்ஜினுக்கு உப்புக்காற்று எதிரி. 1948-இல் காரைக்குடியில் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், கடலோர அரிப்பைச் சோதிக்கவென்றே மண்டபத்தில் ஒரு கூடம் வைத்திருக்கிறது. அந்த அளவுக்குக் கொடுமையானது இந்தக் கடற்கரைக் காற்று. வாரக்கணக்கில் சுற்றாமல் கிடக்கும் இன்ஜினில், ஆயில் வழிந்து உலர்ந்த கேம் மூக்கில் ஊசிமுனைத் துருப் புள்ளிகள் விழும். ஓட்டத் தொடங்கியதும் அந்தப் புள்ளியிலிருந்துதான் தோல் பெயரும். சும்மா நிற்கும் இன்ஜினை வாரம் ஒரு தடவை டிகம்ப்ரஷன் லீவரை (சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் நெம்பு) தூக்கிப் பத்துச் சுற்று சுற்றி வைத்தாலே இதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

டேப்பெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள்

காசு மிச்சம் பிடிக்கப் பார்த்துப் பலர் தவறுவது இங்கேதான். டேப்பெட்டின் முகம் தட்டையாகத் தெரிந்தாலும் நடுவில் மிக மிக லேசாகப் புடைத்திருக்கும். பெரும்பாலான கேம்களில் மூக்கும் ஒரு பக்கம் அணுவளவு சரிவாக இருக்கும். இந்த இரண்டும் சேர்ந்துதான் டேப்பெட்டைத் தன் அச்சிலேயே மெல்லச் சுழல வைக்கின்றன. சுழலும் வரை தேய்மானம் முகம் முழுக்கப் பரவும். சுழற்சி நின்றால் ஒரே கோட்டில் உரசி, சில மணி நேரத்தில் கேமைச் சீவிவிடும். பழைய டேப்பெட் பழைய கேமுக்கு ஏற்றாற்போல் நடுவில் குழிந்திருக்கும், அதைப் புதுக் கேமில் வைத்தால் சுழலாது.

சோதிக்க எளிய வழி உண்டு. இரண்டு டேப்பெட்டுகளை முகத்தோடு முகம் ஒட்டி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். புதியவை என்றால் நடுவில் தொட்டு, ஓரத்தில் மயிரிழை வெளிச்சம் தெரியும், விரலால் அமுக்கினால் லேசாக ஆடும். ஓரம் தொட்டு நடுவில் வெளிச்சம் வந்தால் எறிந்துவிடுங்கள். லேத்தில் கொடுத்து முகத்தைத் தட்டையாகச் சீவி வாங்குவதும் வீண், அந்தப் புடைப்பு போய்விடும்.

வாங்கும்போது சுழலும் திசையைப் பாருங்கள்

பம்ப் செட் இன்ஜினும் வல்லத்து இன்ஜினும் ஒரே அச்சு என்றாலும் சுழலும் திசை மாறியிருக்கலாம். திசைக்கு ஏற்ப இன்லெட், எக்ஸாஸ்ட் மூக்குகளின் வரிசையும், டீசல் பம்ப்பை இயக்கும் மூக்கின் சாய்வும் மாறும். பழைய கேமைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் படுக்க வைத்து, சாவிப் பள்ளத்தை (கியரைத் தண்டோடு பூட்டும் சாவி என்ற சிறு இரும்புத் துண்டு உட்காரும் இடம்) மேலே வைத்துக்கொண்டு மூன்று மூக்கும் ஒரே திசையில் பார்க்கின்றனவா என்று ஒப்பிட்ட பிறகே காசு கொடுங்கள்.

படகு இன்ஜினில் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் குறைவாக இருப்பதே நல்லது. குளிர்விக்கும் கடல்நீரை எக்ஸாஸ்ட் குழாயிலேயே விடும் அமைப்பில் அந்த நேரம் நீண்டால் மெதுவான ஓட்டத்தில் தண்ணீர் பின்னோக்கி இழுக்கப்பட்டு சிலிண்டர் வரை வரும். லாரிக்கோ காருக்கோ வந்த கேமை 'பொருந்துகிறதே' என்று போடக் கூடாததற்கு இதுவே காரணம்.

பிரிப்பது

முதலில் இடம். செம்மண் புழுதி பறக்கும் பட்டறைத் தரையில் தண்ணீர் தெளித்து, நனைந்த சாக்கு விரித்து, அதற்கு மேல் சுத்தமான தகரம் போடுங்கள். கேம் புஷ்ஷில் சிக்கிய ஒரு மண் துகள் போதும், முழுச் சுற்றுக்கும் கோடு போட்டுவிடும்.

ஆயிலை வடித்துவிடுங்கள். ராக்கரைக் கழற்றி, புஷ் ராடுகளை எடுத்து, எது இன்லெட் எது எக்ஸாஸ்ட் என்று நூல் கட்டி வையுங்கள். அடுத்து டீசல் பம்ப். அதன் அடியில் காகிதம்போல் மெல்லிய ஷிம்கள் இருக்கும். டீசல் எப்போது பாய்கிறது என்பதைத் தீர்மானிப்பவை அவைதான். எத்தனை என்று எண்ணி, ஒன்றையும் தவறவிடாமல் கம்பியில் கோத்துப் பம்ப்போடு கட்டிவிடுங்கள்.

டைமிங் கியர் சில இன்ஜினில் பிளைவீல் பக்கம், சிலதில் எதிர்ப்பக்கம் இருக்கும். பிளைவீலைக் கழற்ற வேண்டி வந்தால் சங்கிலிக் கப்பியில் தாங்க வைத்து, புல்லர் போட்டு இழுங்கள், சுத்தியலால் அடித்தால் கிராங்க் முனைதான் வாங்கும். கவரைத் திறந்ததும் எதையும் தொடுவதற்கு முன் புள்ளிகளைத் தேடுங்கள். கிராங்க் கியரின் ஒரு பல்லிலும் கேம் கியரின் இரண்டு பல்லிலும் குத்து இருக்கும். இல்லாவிட்டால் இப்போது நிற்கும் நிலையிலேயே நீங்களே சென்டர் பஞ்ச்சால் குத்திவிடுங்கள். நடுவில் ஐட்லர் கியர் உள்ள இன்ஜினில் புள்ளிகள் சேர்ந்து வரப் பல சுற்று ஆகும், அது கோளாறு அல்ல. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் எடைகள் கேம் கியரின் முகத்திலேயே இருந்தால் அவற்றின் பின்கள் நழுவாமல் கட்டிவையுங்கள்.

டேப்பெட்டின் அடிப்பாகம் குடைக்காளான்போல் அகன்றிருந்தால் அது மேல்வழியாக வராது. தூக்கிப் பிடித்துத் துணி கிளிப் மாட்டி நிறுத்தலாம். இன்ஜினைப் படகிலிருந்து இறக்கியிருந்தால் கவிழ்த்துப் படுக்க வைப்பது இன்னும் எளிது. பிறகு கேமைத் தடுத்து நிற்கும் தகட்டையோ ஸ்க்ரூவையோ எடுத்து, இரண்டு கையாலும் தாங்கி, நேராக, மெதுவாகச் சுழற்றிக்கொண்டே உருவுங்கள். மூக்கு புஷ்ஷில் இடித்தால் வெண்கலத்தில் வடு விழும்.

புதுக் கேமை ஒரு தடவை வெறுமே நுழைத்துப் புஷ்ஷைச் சோதியுங்கள். மேலும் கீழும் அசைத்தால் டயல் கேஜில் 0.15 மி.மீ.க்கு மேல் ஆடினால் புஷ்ஷும் மாற வேண்டும். புது புஷ் அடிக்கும்போது ஆயில் துளை நேராக வருகிறதா என்று பாருங்கள். துளை மறைந்துபோய்ப் பத்து நிமிடத்தில் கேம் இறுகிய வேலைகள் உண்டு.

கியரும் சாவியும்

பழைய கியரைப் புதுக் கேமுக்கு மாற்றுவதென்றால் பழைய ஆயிலில் போட்டு 120 முதல் 150 டிகிரி வரை சூடாக்குங்கள். தானாக வழுக்கி உட்காரும். அடித்து ஏற்றினால் கியர் கோணலாகும். சாவியை நகத்தால் தடவிப் பாருங்கள், பக்கத்தில் படி தெரிந்தால் அது பாதி வெட்டுப்பட்டது. அதனால்தான் இத்தனை நாள் டைமிங் நழுவியிருக்கும்.

பொருத்துதல்

மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்து, ஆயில் துளைகளில் கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள். மூக்குகளிலும் டேப்பெட் முகத்திலும் மாலிப்டினம் கலந்த கிரீஸை விரலால் கனமாகப் பூசுங்கள். புஷ்ஷில் இன்ஜின் ஆயில் போதும். புள்ளிக்குப் புள்ளி சேர்த்துக் கேமை நுழையுங்கள். முன்பின் ஆட்டம் கையேட்டு அளவுப்படி இருக்க வேண்டும். அளவு கிடைக்காவிட்டால் 0.10 முதல் 0.25 மி.மீ.க்குள் வைப்பது பட்டறை வழக்கம்.

புள்ளியே இல்லாத கியரா? பிஸ்டன் உச்சியில் நிற்கும்படி கிராங்க்கை நிறுத்தி, கேமை மட்டும் ஓடும் திசையில் திருப்பி, எக்ஸாஸ்ட் டேப்பெட் இறங்கிக்கொண்டும் இன்லெட் டேப்பெட் ஏறிக்கொண்டும் இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கும் இடத்தைப் பிடியுங்கள். அங்கே கியரைக் கோத்துவிட்டால் சரியான பல்லுக்கு வந்துவிடுவீர்கள்.

உண்மையான உச்சி

பிஸ்டன் உச்சியைக் கண்ணால் பிடிக்க முடியாது. 110 மி.மீ. ஸ்ட்ரோக்கில் உச்சிக்கு முன்னும் பின்னும் 5 டிகிரி திரும்பினாலும் பிஸ்டன் இறங்குவது ஏறக்குறைய கால் மி.மீ. மட்டுமே. பிளைவீலில் உள்ள பழைய கோட்டையும் நம்பாதீர்கள், அந்தப் பிளைவீல் வேறு இன்ஜினிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

360 டிகிரி வரைந்த வட்டை அலுமினியத் தகட்டில் ஒட்டிக் கிராங்க் முனையில் மாட்டுங்கள். கெட்டிக் கம்பியை வளைத்து, கூராக்கி, முள்ளாக வையுங்கள். பிஸ்டனை உச்சிக்குக் கிட்டத்தில் நிறுத்தி, எக்ஸாஸ்ட் வால்வின் ஸ்பிரிங்கைக் கழற்றி, வால்வைப் பிஸ்டன் தலையில் உட்கார விடுங்கள். வால்வுத் தண்டில் முதலில் ஒரு ரப்பர் பேண்டை இறுக்கிச் சுற்றிவிடுங்கள். அதை மறந்து கிராங்க்கை அதிகம் திருப்பினால் வால்வு சிலிண்டருக்குள் விழும், பிறகு ஹெட்டைக் கழற்றுவதைத் தவிர வழியில்லை. டயல் கேஜை வால்வு முனையில் வைத்து, உச்சிக்கு முன்னால் 2 மி.மீ. இறக்கத்தில் வட்டின் எண்ணைக் குறியுங்கள். உச்சி தாண்டி மறுபடி அதே 2 மி.மீ. வரும் இடத்தையும் குறியுங்கள். இரண்டுக்கும் நட்டநடுதான் உண்மையான உச்சி. அங்கே வட்டைப் பூஜ்யத்துக்குத் திருப்பி இறுக்கி, வால்வு ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

டிகிரி வைத்துச் சரிபார்ப்பது

இந்த வகை 1500 சுற்று இன்ஜினில் பரவலாக உள்ள அளவு இது: இன்லெட் உச்சிக்கு 4.5 டிகிரி முன்னால் திறந்து, பிஸ்டனின் அடிமட்டத்துக்கு 35.5 டிகிரி பின்னால் மூடும். எக்ஸாஸ்ட் அடிமட்டத்துக்கு 35.5 டிகிரி முன்னால் திறந்து, உச்சிக்கு 4.5 டிகிரி பின்னால் மூடும். உங்கள் இன்ஜினுக்குக் கையேடு வேறு எண் சொன்னால் அதுதான் சட்டம்.

வால்வு திறக்கும் அந்தக் கணத்தைப் பிடிக்க முயலாதீர்கள். மூக்கு அங்கே மிக மெதுவாக ஏறுவதால் ஆளுக்கு ஆள் நாலைந்து டிகிரி மாறும். மூக்கின் நடுவைப் பிடியுங்கள். மேலே சொன்ன அளவில் வால்வு மொத்தம் 220 டிகிரி திறந்திருக்கிறது, பாதி 110. அதில் 4.5 போனால் 105.5. ஆக இன்லெட் மூக்கின் நடு உச்சிக்கு 105.5 டிகிரி பின்னால் வர வேண்டும், எக்ஸாஸ்ட் நடு அதே அளவு முன்னால்.

டேப்பெட் இடைவெளியை வைத்துவிட்டு, டயல் கேஜை இன்லெட் வால்வு மேல் நிறுத்துங்கள். ஓடும் திசையிலேயே சுற்றி, வால்வு 1 மி.மீ. இறங்கியபோது வட்டின் எண்ணைக் குறியுங்கள். சுற்றிக்கொண்டே போய், மூடும் வழியில் இன்னும் 1 மி.மீ. பாக்கி இருக்கும்போது மறுபடி குறியுங்கள். முதலாவது 25, இரண்டாவது 186 என்று வந்தால் கூட்டினால் 211, பாதி 105.5. டைமிங் சரி. எண்ணைத் தாண்டிவிட்டால் அப்படியே பின்னோக்கித் திருப்பி நிறுத்தாதீர்கள். கால் சுற்று பின்னால் போய் மறுபடி முன்னோக்கி வாருங்கள், இல்லாவிட்டால் கியர்ப் பல்லின் ஆட்டம் கணக்கில் புகுந்துவிடும்.

வித்தியாசம் வந்தால் அதன் அளவே காரணத்தைச் சொல்லும். 720-ஐக் கேம் கியரின் பல் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பல்லுக்கு எத்தனை கிராங்க் டிகிரி என்று வரும். 48 பல் என்றால் 15. ஆகவே நடு 120-ஐ ஒட்டி வந்தால் ஒரு பல் பிந்தியிருக்கிறது, 90-ஐ ஒட்டி வந்தால் முந்தியிருக்கிறது. கவரைத் திறந்து மாற்றுங்கள். ஒரு பல் தவறிய இன்ஜினை ஹேண்டில் போட்டு வேகமாகச் சுற்றிவிடாதீர்கள். உச்சியில் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையே ஏறத்தாழ 1 மி.மீ.தான் இருக்கும். வால்வு பிஸ்டனில் இடித்துப் புஷ் ராட் வளையும்.

மூன்று நான்கு டிகிரி மட்டும் வந்தால் பல் சரி, சாவிப் பள்ளம் வெட்டிய இடம்தான் தவறு. மலிவு விலைக் கேமில் இது அடிக்கடி நேர்கிறது. புள்ளிகள் அச்சாகச் சேர்ந்திருந்தும் இன்ஜின் இழுக்காமல் போவது இதனால்தான். 2 டிகிரிக்குள் என்றால் விட்டுவிடலாம். அதற்கு மேல் என்றால் லேத்தில் படிச் சாவி (மேல்பாதி ஒரு பக்கம் தள்ளி நிற்கும் சாவி) செய்யச் சொல்லுங்கள். 30 மி.மீ. தண்டில் கேமின் 1 டிகிரிக்குச் சுற்றளவில் 0.26 மி.மீ. வரும். கேமின் 1 டிகிரி கிராங்க்கில் 2. ஆகவே கிராங்க்கில் 4 டிகிரி திருத்தச் சாவியில் அரை மி.மீ. படி போதும்.

டீசல் பாயும் நேரம்

கேம் மாறினால் பம்ப்பை அமுக்கும் மூக்கும் மாறிவிட்டது. ஷிம்களை எண்ணிப் பழையபடி போட்டாலும் சரிபார்த்தே ஆக வேண்டும். பிரஷர் பைப்பைக் கழற்றி, டெலிவரி வால்வையும் அதன் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு, ஹோல்டரை மட்டும் திரும்ப மாட்டுங்கள். பம்ப்பின் ராக்கை (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு) முழு டீசலில் வைத்து, டீசல் குழாயைத் திறந்தால் ஹோல்டர் வழியாக டீசல் வழியும். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் மெல்லச் சுற்றினால் ஓர் இடத்தில் வழிவது சொட்டாகி நிற்கும். அந்த இடத்தில் வட்டு உச்சிக்கு 23 டிகிரி முன்னால் காட்ட வேண்டும் என்பது இவ்வகையில் பரவலான அளவு. வட்டு இல்லாமல் பிளைவீலில் குறிக்க விரும்பினால் அதன் சுற்றளவை டேப்பில் அளந்து 360-ஆல் வகுங்கள். 400 மி.மீ. குறுக்களவுக்கு ஒரு டிகிரி 3.5 மி.மீ., 23 டிகிரிக்கு 80 மி.மீ. ஷிம் சேர்த்தால் பாய்ச்சல் பிந்தும், எடுத்தால் முந்தும். முந்தினால் கணகணவென்று அடிக்கும், பிந்தினால் புகைந்து சூடேறும். முடிந்ததும் டெலிவரி வால்வை மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

ஆறு சிலிண்டர் விசைப்படகு

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருப்பதால் இந்த வேலை பெரும்பாலும் அப்போதுதான் நடக்கும். உதிரியைத் தடை தொடங்கும் முன்பே வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். முறை எல்லாம் மேலே சொன்னதுதான். கூடுதலாக ஒன்று: 6-ஆம் சிலிண்டரின் இரண்டு வால்வும் சேர்ந்து அசையும்போது 1-ஆம் சிலிண்டர் கம்ப்ரஷன் உச்சியில் நிற்கிறது. 1-5-3-6-2-4 என்று எரியும் வரிசையில் 5-க்கு 2, 3-க்கு 4 என்று இதே ஜோடிக் கணக்கு.

முதல் ஓட்டம்

ஸ்டார்ட் செய்யுமுன் டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிக் கையால் இரண்டு முழுச் சுற்று. எங்காவது இறுகினால் நிறுத்துங்கள், பலம் கொடுத்துத் தள்ளாதீர்கள். டேப்பெட் அறை வழியாக அரை லிட்டர் ஆயிலை மூக்குகள் மேல் ஊற்றுங்கள். மொத்த ஆயில் மட்டத்தை அதையும் சேர்த்தே கணக்கிடுங்கள். டீசல் லைனில் காற்றை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். வெறுமே நெடுநேரம் சுற்றினால் பூசிய கிரீஸ் துடைபட்டுப் போகும். எக்ஸாஸ்டில் கடல்நீர் விடும் இன்ஜின் என்றால் ஸ்டார்ட் ஆகும் வரை தண்ணீர் வால்வை மூடி வையுங்கள், ஆனதும் உடனே திறங்கள். திறக்கத் தாமதித்தால் பம்ப்பின் ரப்பர் இறக்கை கருகும்.

பற்றியதும் ஐட்லிங்கில் விடாதீர்கள். கேமுக்கு ஆயில் தெறித்து வருவதே வேகத்தில்தான். சுமை இல்லாமல் 1000-க்கும் 1400-க்கும் இடையே ஏற்றி இறக்கி 20 நிமிடம் ஓட்டுங்கள். அந்த 20 நிமிடத்தில் கேமும் டேப்பெட்டும் ஒன்றோடொன்று பழகிவிடும். நிறுத்தி, முழுக்க ஆறிய பிறகு டேப்பெட் இடைவெளியைப் பாருங்கள். 0.05 மி.மீ.க்கு மேல் கூடியிருந்தால் ஏதோ மூக்கு தேய்கிறது, கடலுக்கு அனுப்பாதீர்கள். சரியாக இருந்தால் 25 மணி நேரம் ஓடியதும் ஆயிலை மாற்றுங்கள். வடித்த ஆயிலில் காந்தத்தை விட்டுத் துழாவுங்கள். சாம்பல் பசைபோல் மென்மையாக ஒட்டினால் பரவாயில்லை. விரலில் உருட்டும்போது மீன் செதில்போல் மினுங்கிக் குத்தினால் கவரை மறுபடி திறக்க வேண்டியதுதான்.